தொடக்கக் குழுவை என்ன செய்வது? பெரிய ராக் நிகழ்ச்சிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய ராக் குழுவின் சுவரொட்டியைக் கவனித்தால், அந்தக் குழுவின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஒன்றிரண்டு பெயர்கள் இருக்கும். அவைதான் முதன்மைக் குழுவுக்கு முன்னால் மேடையேறி வாசிக்கும் தொடக்கக் குழுக்கள். இவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "வெறும் நேர விரயம்" என்பார் ஒருவர். "எனக்குப் பிடித்த பாதிப் பேரை அப்படித்தான் கண்டுபிடித்தேன்" என்பார் அடுத்தவர். அந்த வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நடுநிலை வகிப்பதாக நடிக்கவில்லை. என் கட்சி எது என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

தொடக்கக் குழு எதற்கு? முதன்மைக் குழுவே நேராக வந்து வாசிக்கக் கூடாதா?

வாசிக்கலாம், சிலர் அப்படியே செய்கிறார்கள். ஆனால் இந்த வழக்கம் வந்த வழியைப் பார்த்தால் அதன் நியாயம் புரியும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஒரே ஆளைக் கேட்க டிக்கெட் வாங்குவது ராக் உலகில் அரிது. ஐந்தாறு பேர் அடுத்தடுத்து வந்து ஆளுக்குச் சில பாட்டு பாடிவிட்டுப் போகும் கதம்ப நிகழ்ச்சிகளே அன்று வழக்கம். 1963 பிப்ரவரியில் பீட்டில்ஸ் இங்கிலாந்து முழுக்கச் சுற்றியபோது சுவரொட்டியின் உச்சியில் இருந்த பெயர் பாடகி ஹெலன் ஷபிரோ. அவருக்கு அப்போது வயது 16. பீட்டில்ஸ் கீழே இருந்தார்கள்.

இரண்டே ஆண்டில் நிலைமை தலைகீழானது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000க்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். அன்று பீட்டில்ஸ் வாசித்தது ஏறத்தாழ அரை மணி நேரம்தான். மீதி மாலையை நிரப்பியவர்கள் கிங் கர்ட்டிஸ், பிரெண்டா ஹாலோவே, சவுண்ட்ஸ் இன்கார்ப்பரேட்டட், கேனிபல் அண்ட் த ஹெட்ஹன்ட்டர்ஸ் முதலியோர். இன்று முதன்மைக் குழு இரண்டு மணி நேரம் வாசிக்கிறது. முன்னால் ஆள் வைக்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

அது வெறும் பழக்கம் என்றும் தள்ளிவிட முடியாது. ஐம்பதாயிரம் பேர் ஒரே நிமிடத்தில் வாசலுக்கு வந்தால் ஆபத்து. தொடக்கக் குழு இருந்தால் கூட்டம் இரண்டு மணி நேரத்தில் பிரிந்து பிரிந்து வரும். 1979 டிசம்பர் 3 அன்று சின்சினாட்டியில் த ஹூ குழுவின் நிகழ்ச்சிக்கு வெளியே பெருங்கூட்டம் காத்திருந்தது. திறந்திருந்த கதவுகள் மிகச் சில. இருக்கை எண் கிடையாது, முந்தினவருக்கு இடம். உள்ளே நடந்த ஒலிச் சோதனையைக் கேட்டு நிகழ்ச்சியே தொடங்கிவிட்டது என்று நினைத்துக் கூட்டம் முண்டியடித்தது. 11 பேர் இறந்தார்கள். அந்தக் கோரத்துக்குக் காரணங்கள் பல. ஆனாலும் "ஆரம்பத்தைத் தவறவிட்டுவிடுவோம்" என்ற பதற்றம் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று இல்லை.

குளிர்பானமும் பீரும் டி-ஷர்ட்டும் விற்க நேரம் வேண்டும் என்பதும் ஒரு காரணம். அதை எந்த அமைப்பாளரும் வெளியே சொல்ல மாட்டார்.

யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

முதன்மைக் குழுவே தேர்ந்தெடுக்கிறது என்று ரசிகர்கள் நம்புகிறார்கள். சில நேரம் அது உண்மை. பெரும்பாலும் இரண்டு குழுக்களுக்கும் ஒரே முகவர், ஒரே மேலாளர் அல்லது ஒரே இசைத்தட்டு நிறுவனம் இருக்கும். "உங்கள் பெரிய குழு வேண்டுமென்றால் எங்கள் சின்னக் குழுவையும் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று பேரம் நடக்கும். உள்ளூர் அமைப்பாளர் தம் பங்குக்கு ஓர் உள்ளூர்க் குழுவைச் சேர்ப்பார். ஆக, மேடையில் நிற்கும் நான்கு பேரை நீங்கள் திட்டும்போது, திட்டு வாங்க வேண்டியவர் அநேகமாக ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அவர்களுக்கு நிறையப் பணம் கிடைக்குமா?

கிடைக்காது. பெரிய சுற்றுப்பயணங்களில் தொடக்கக் குழுவே காசு கொடுத்து இடம் வாங்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பணத்தை இசைத்தட்டு நிறுவனம் முன்பணமாகத் தரும், பிறகு குழுவின் வருமானத்தில் பிடித்துக்கொள்ளும். வேன் வாடகை, டீசல், ஒலிப் பொறியாளரின் சம்பளம் எல்லாம் போக, டி-ஷர்ட் விற்ற காசில்தான் அடுத்த ஊர் போய்ச் சேருவார்கள். டி-ஷர்ட் விற்பனையிலும் அரங்குக்காரர் பங்கு கேட்பதுண்டு.

தொடக்கக் குழுவின் ஒலி ஏன் எப்போதும் மோசமாக இருக்கிறது? வேண்டுமென்றே குறைத்து வைக்கிறார்களா?

சில சுற்றுப்பயணங்களில் தொடக்கக் குழுவுக்கு ஒலி அளவுக்கு வரம்பு வைப்பது உண்மைதான். விளக்குகளிலும் பாதிக்கு மேல் தர மாட்டார்கள், பெரிய திரையையும் தர மாட்டார்கள். ஆனால் ஒலி மோசமாக இருப்பதற்குச் சதியைவிடச் சாதாரணக் காரணங்களே அதிகம்.

மேடையைக் கூர்ந்து பாருங்கள். பின்னால் உயரமான தளத்தில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு குவியல் இருக்கும். அது முதன்மைக் குழுவின் டிரம்ஸ். அதைத் தொடக்கூட அனுமதி இல்லை. அதற்கு முன்னால் மிஞ்சிய ஐந்தாறு அடி அகலத்தில் தொடக்கக் குழு தன் டிரம்ஸ், ஆம்ப்ளிஃபயர், மைக்குகள் எல்லாவற்றையும் நெருக்கி வைத்திருக்கும். கிதார்காரர் இரண்டடி பின்வாங்கினால் டிரம்ஸின் சிம்பல் தட்டில் முட்டிக்கொள்வார். மாலையில் ஒலிச் சோதனைக்கு ஒதுக்கிய நேரத்தை முதன்மைக் குழு தின்றுவிட்டிருக்கும். எனவே மைக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதோடு சரி, முதல் பாட்டுதான் அவர்களுக்கு ஒலிச் சோதனை. அவர்களுடைய பொறியாளருக்கு அந்த அரங்கம் புதிது. அரங்கம் பாதி காலி என்பதால் இன்னொரு தொல்லை. மனித உடல்கள் ஒலியை உறிஞ்சும், காலி நாற்காலியும் சிமென்ட் தரையும் திருப்பி அடிக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அதே அரங்கம் தெளிவாக ஒலிப்பதற்கு நீங்களும் உங்கள் பக்கத்தில் நிற்பவரும் ஒரு காரணம்.

ஆகவே முதல் இரண்டு பாட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்றாவது பாட்டிலிருந்து கேளுங்கள்.

சம்பந்தமே இல்லாத குழுவை முன்னால் நிறுத்துகிறார்களே, அது ரசிகர்களை அவமதிப்பது ஆகாதா?

இந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1967 ஜூலை. மங்கீஸ் தொலைக்காட்சித் தொடருக்காகச் சேர்க்கப்பட்ட குழு. அவர்களின் ரசிகைகள் பள்ளிச் சிறுமிகள். அம்மாக்களோடு வந்திருந்த அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தொடக்கமாக ஏற்றப்பட்டவர், காதைப் பிளக்கும் மின்கிதார் வாசிக்கும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். மங்கீஸ் குழுவினருக்கே அவர் மேல் பெரும் மதிப்பு. மேடை ஓரத்தில் நின்று தினமும் அவரைக் கேட்கலாம் என்ற ஆசையில் அழைத்தார்கள். கீழே இருந்த சிறுமிகளோ மங்கீஸ் பாடகர் டேவி ஜோன்ஸ் எப்போது வருவார் என்று "டேவி வேண்டும், டேவி வேண்டும்" எனக் கத்தினார்கள். ஜாக்சன்வில்லில் தொடங்கிய ஹென்ட்ரிக்ஸ், சில நிகழ்ச்சிகளுக்குப் பின் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸோடு விலகிக்கொண்டார். சண்டை ஒன்றும் இல்லை. ஒரு மாதர் சங்கம் ஆட்சேபித்ததால்தான் விலக்கப்பட்டார் என்று குறும்பாக ஓர் அறிக்கை விட்டார்கள். பலர் அதை நெடுநாள் நம்பினார்கள்.

இதில் அந்தச் சிறுமிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கேட்க வந்தது வேறு.

ஆனால் பொருத்தமின்மையே கூடாது என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் பில் கிரஹாம். சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கத்தை நடத்திய இவர், ரசிகர்கள் கேட்பதோடு கேட்காததையும் சேர்த்தே பரிமாறினார். ஐஸ்கிரீம் வேண்டும் என்று அடம் பிடிக்கும் பிள்ளைக்கு முதலில் கீரையை ஊட்டும் தாயின் பிடிவாதம் அவருக்கு. 1970 ஏப்ரலில் கிரேட்ஃபுல் டெட் குழுவுக்குத் தொடக்கமாக அவர் நிறுத்தியவர் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ். ராக் கேட்க வந்த நீளமுடி இளைஞர்கள் முன் மைல்ஸும் அவருடைய ஆட்களும் மின்பியானோவும் டிரம்ஸுமாக இடைவெளியில்லாமல் வாசித்தார்கள். அதில் ஓர் இரவின் பதிவு பின்னர் ஆல்பமாகவே வந்தது. இவருக்குப் பின் மேடையேறி நாம் என்ன வாசிப்பது என்று கிரேட்ஃபுல் டெட் ஆட்களே கலங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். மங்கீஸ் நிகழ்ச்சிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கிரஹாமின் அரங்கத்துக்கு வருபவருக்கு அங்கே ஏதோ புதிது காத்திருக்கும் என்று முன்பே தெரியும். அப்படி ஒரு கூட்டத்தை அவர் பல மாதங்கள் பழக்கி வைத்திருந்தார். முன்பின் சொல்லாமல் திணித்தால் மைல்ஸுக்கும் டேவி கதைதான் நடந்திருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் ஊளையிடுவதில் என்ன தவறு? காசு கொடுத்துத்தானே வந்திருக்கிறேன்?

நீங்கள் காசு கொடுத்தது கேட்பதற்கு. கை தட்டாமல் இருக்கலாம், வெளியே போய் நிற்கலாம், செல்பேசியைப் பார்க்கலாம். அதற்கு மேல் போகும்போது என்ன ஆகிறது என்பதற்கு வரலாறு இருக்கிறது.

1981 அக்டோபர் 9, லாஸ் ஏஞ்சலிஸ் கொலீசியம். ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சி. கிட்டத்தட்ட 90,000 பேர். பட்டியலில் முதலில் இளம் பாடகர் பிரின்ஸ், அடுத்து ஜார்ஜ் தரோகுட், பிறகு ஜே. கெய்ல்ஸ் பேண்ட், கடைசியாக ஸ்டோன்ஸ். நீண்ட மேலங்கி, அதற்கு உள்ளே சின்னஞ்சிறு கறுப்பு உள்ளாடை, முழங்காலுக்கு மேல் ஏறிய பூட்ஸ் என்று பிரின்ஸ் வந்து நின்றார். பகல் வெளிச்சம். வெயிலில் காத்திருந்த கூட்டம் கண்டதையும் எடுத்து வீசத் தொடங்கியது. சில பாட்டுகளோடு மேடையிலிருந்து இறங்கிய பிரின்ஸ் விமானம் ஏறி மினியாபொலிஸுக்கே போய்விட்டார். ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் தொலைபேசியில் பேச, குழுவினரும் வற்புறுத்த, 11ஆம் தேதி திரும்பி வந்தார். அன்றும் வீசினார்கள். இந்த முறை முழு நேரமும் வாசித்துவிட்டே இறங்கினார். மூன்றே ஆண்டில், 1984இல், அவர் அமெரிக்காவின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். அன்று பாட்டில் வீசியவர்களில் எத்தனை பேர் பிறகு "பிரின்ஸை ஆரம்பத்திலேயே பார்த்தவன் நான்" என்று பீற்றிக்கொண்டார்களோ!

வென்றவர் கதை என்பதால் இது இனிக்கிறது. எல்லாக் கதையும் அப்படி முடிவதில்லை. 1992 அக்டோபர் 30 அன்று பியூனஸ் அயர்ஸின் வேலஸ் சார்ஸ்ஃபீல்டு மைதானத்தில் நிர்வாணா குழுவுக்கு முன் வாசித்தது கலாமிட்டி ஜேன் என்ற பெண்கள் குழு. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டிலிருந்து வந்தவர்கள். பெண்கள் என்பதற்காகவே கூட்டம் வசைபாடியது, கையில் கிடைத்ததை எல்லாம் வீசியது. அழுதுகொண்டு இறங்கினார்கள். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அன்றிரவு, எல்லோரும் காத்திருந்த 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாட்டின் தொடக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டிவிட்டு, பாட்டைப் பாடாமலேயே நிகழ்ச்சியை முடித்தார். அந்த மைதானத்தில் ஒழுங்காகக் கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் தண்டனை. அது நியாயமா என்று கேட்டால் எனக்கு அரை மனசுதான். ஆனால் கலாமிட்டி ஜேனுக்கு ஆதரவாக அன்று வேறு யார் நின்றார்கள்?

சூயிசைட் என்ற இருவர் குழுவின் கதை வேறு மாதிரி. கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை, ஒரு கீபோர்டும் ஒரு தாள இயந்திரமும் ஒரு பாடகரும் மட்டும். 1978 ஜூனில் பிரசெல்ஸில் எல்விஸ் காஸ்டெல்லோவுக்கு முன் வாசித்தார்கள். கூட்டம் கூச்சலிட்டது, பாடகரின் மைக்கையே பிடுங்கிக்கொண்டது. 23 நிமிடங்களில் முடிந்துபோன அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை, கூச்சலோடு அப்படியே, குழுவினர் பின்னர் வெளியிட்டார்கள். மின்னணு இசையில் அவர்களை முன்னோடிகளாக இன்று கொண்டாடுகிறார்கள்.

முதன்மைக் குழுவின் பெயரைச் சொல்லிக் கத்துவது ஊளையிடுவதில் சேருமா?

பாட்டுக்கு நடுவில் கத்தினால் சேரும். இடைவேளையில் கத்தினால் சேராது. ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் ரசிகர்கள் இதற்கு உலகப் புகழ் பெற்றவர்கள். யார் மேடையில் இருந்தாலும் "ஸ்லேயர்!" என்று கத்துவார்கள். ஸ்லேயரோடு சுற்றுப்பயணம் போன குழுக்கள் அதற்குத் தயாராகவே போயின. அங்கே அது ஒரு சடங்கு, வேறு இடங்களில் வெறும் அநாகரிகம்.

தொடக்கக் குழு முதன்மைக் குழுவைத் தூக்கிச் சாப்பிட்ட சம்பவங்கள் உண்டா?

ஏராளம். ரசிகர்கள் மிகவும் விரும்பிச் சொல்லும் கதைகளும் இவைதான்.

1968 டிசம்பர் 26 அன்று டென்வரில் வெனில்லா ஃபட்ஜ் நிகழ்ச்சிக்குப் போனவர்கள் விளம்பரத்தில் இல்லாத ஓர் ஆங்கிலேயக் குழுவைக் கேட்டார்கள். அது அமெரிக்காவில் லெட் செப்பலினின் முதல் நிகழ்ச்சி. 1978இல் பிளாக் சபத் குழுவுக்கு முன் வான் ஹேலன் வாசித்தபோது, களைத்துப்போயிருந்த மூத்த குழுவைப் பசியோடு வந்த இளைய குழு தினமும் ஓரங்கட்டியதாக சபத் பாடகர் ஆஸி ஆஸ்பர்னே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சில நேரம் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே தராசு சாயும். 1988 கோடையில் ஏரோஸ்மித்துக்குத் தொடக்கமாகக் கிளம்பிய கன்ஸ் அண்ட் ரோசஸ், வழியிலேயே ஆகஸ்டில் அமெரிக்க ஆல்பம் பட்டியலின் முதலிடத்துக்குப் போய்விட்டது. 1991 டிசம்பர் 31 அன்று சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் கௌ பேலஸ் அரங்கில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் நிகழ்ச்சி. தொடக்கக் குழுக்கள் இரண்டு: பேர்ல் ஜாம், நிர்வாணா. புத்தாண்டு பிறந்து இரண்டு வாரம் முடிவதற்குள் நிர்வாணாவின் ஆல்பம் முதலிடத்தில். அந்த டிக்கெட்டின் கிழிந்த பாதியை வைத்திருப்பவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

அண்மைக் காலத்தில் சுவீடனின் கோஸ்ட் குழுவைச் சொல்லலாம். 2017இல் அமெரிக்காவில் அயர்ன் மெய்டனுக்கும், 2019இல் ஐரோப்பாவில் மெட்டாலிக்காவுக்கும் முன் வாசித்தார்கள். முகமூடியையும் பாதிரியார் வேடத்தையும் பார்த்து நகைத்த ரசிகர்களில் பலர் இப்போது அவர்களுக்காகவே பெரிய அரங்கங்களை நிரப்புகிறார்கள்.

மூத்தவர் இளையவருக்குத் தொடக்கமாக வாசித்தது உண்டா?

உண்டு. 2001 ஆகஸ்டில் டூல் குழுவுக்கு முன் வாசித்தது கிங் கிரிம்சன். யாரிடமிருந்து கற்றார்களோ அவர்களையே அழைத்துத் தம் ரசிகர்களுக்குக் காட்டினார்கள் டூல். இதைவிடக் கண்ணியமான குருதட்சணையை நான் ராக் உலகில் பார்த்ததில்லை.

1995இல் மூத்த பாடகர் டேவிட் போவி வேறு வழியில் போனார். அவரோடு பயணம் செய்த நைன் இஞ்ச் நெயில்ஸ் அப்போது இளைஞர்களிடம் கொடிகட்டிப் பறந்த குழு. முதலில் அவர்கள் வாசிப்பார்கள். முடிவில் போவி வந்து சேர்ந்துகொள்வார், இரண்டு குழுவும் கலந்து சில பாட்டுகள் வாசிக்கும், பிறகு மெல்ல போவியின் குழு மட்டும் மிஞ்சும். இடைவேளையே கிடையாது. அழகான யோசனை. ஆனால் போவி தம் பழைய வெற்றிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் புதியவற்றைப் பாட, நைன் இஞ்ச் நெயில்ஸ் ரசிகர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். முதன்மைக் கலைஞருக்கே தொடக்கக் குழுவின் கதி! போவி அதற்காகப் பட்டியலை மாற்றவில்லை.

இந்தியாவில் வெளிநாட்டுக் குழுக்கள் வரும்போது உள்ளூர்க் குழுக்களை முன்னால் ஏற்றுவது வெறும் சம்பிரதாயமா?

2007 மார்ச் 17 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வாசித்ததை வைத்தே இதற்குப் பதில் சொல்கிறேன். சென்னையிலிருந்து இரவு ரயிலிலும் பஸ்ஸிலும் போய் இறங்கிய கறுப்பு டி-ஷர்ட் கூட்டம் அன்று சிறிதல்ல. தொடக்கமாக இருவர். ஒருவர் லாரன் ஹாரிஸ், மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸின் மகள். "அப்பா சொத்து" என்று ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மெய்டன் பெயரைக் கத்திக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு முன் தினமும் போய் நிற்பது சலுகையா தண்டனையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இன்னொரு குழு பரிக்கிரமா. 1991இல் டெல்லியில் தொடங்கியது. ராக் குழுவில் வயலின் வைத்திருந்தவர்கள். மெய்டனின் மேலாளர் ராட் ஸ்மால்வுட்டுக்கு அவர்களைப் பிடித்துப்போனது. அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தின் டவுன்லோட் ராக் விழா மேடையில் பரிக்கிரமா வாசித்தது. சம்பிரதாயத்துக்காக ஏற்றப்பட்டவர்களுக்கும் கதவு திறக்கும் என்பதற்கு இதுவே போதும்.

2011 அக்டோபர் 30 அன்று அதே மைதானத்தில் மெட்டாலிக்காவுக்கு முன் ஸ்காட்லாந்தின் பிஃபி கிளைரோவோடு இன்னர் சாங்டம், கில்லட்டீன் என்ற இந்தியக் குழுக்களும் வாசித்தன. இரண்டு நாள் முன்னர் குர்கானில் நடக்க வேண்டிய நிகழ்ச்சி ரத்தாகி, கொதித்த கூட்டம் மேடையையே உடைத்திருந்தது. அந்தப் பதற்றத்துக்கு நடுவே முதலில் மேடையேறி வாசிப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும்.

2025 ஜனவரியில் மும்பையில் கோல்ட்பிளே நிகழ்ச்சிகளில் ஜஸ்லீன் ராயல், எலியானா, ஷோன் ஆகியோர் தொடக்கமாகப் பாடினார்கள். ஜஸ்லீன் பாடியதைச் சமூக ஊடகங்களில் பிய்த்துப் பிடுங்கினார்கள். பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் மைதானத்தின் கடைக்கோடியிலிருந்து செல்பேசியில் எடுத்த அரை நிமிடத் துண்டைக் கேட்டுவிட்டு, அங்கே போகாதவர்களும் சேர்ந்து சுருதி பார்த்ததுதான் வேடிக்கை.

தாமதமாகப் போனால் தப்பா?

தப்பில்லை, நஷ்டம் உங்களுக்கு. சபாக்களில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்களும் உண்டல்லவா, அந்த ரகம்தான். உத்தேசக் கணக்கு இது: கதவு திறந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடக்கக் குழு, அவர்களுக்கு 30 முதல் 45 நிமிடம், மேடை மாற்ற 20 முதல் 30 நிமிடம், பிறகு முதன்மைக் குழு. நிகழ்ச்சி நாளன்று அரங்கத்தாரோ குழுவோ சரியான நேரத்தை அறிவிப்பதுண்டு. இந்தியாவில் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால் எல்லாம் முன்னதாகவே தொடங்கும். நகர நெரிசலை நம்பி ஆறு மணிக்குக் கிளம்பினால் தொடக்கக் குழுவோடு முதன்மைக் குழுவின் முதல் மூன்று பாட்டும் போய்விடும்.

முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குத் தொடக்கக் குழுவில் ஆர்வமில்லை. என்ன செய்வது?

குறைந்தபட்சம் நிமிர்ந்து பாருங்கள். மேடையிலிருந்து விளக்குகளுக்கு அப்பால் எதுவும் தெரியாது, தெரிவதெல்லாம் முதல் மூன்று வரிசை முகங்கள்தான். அங்கே நிற்பவர்கள் முதன்மைக் குழுவின் வெறியர்கள், காலையிலிருந்து வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள். கம்பியில் கன்னத்தைச் சாய்த்துக் கொட்டாவி விடும் அந்த ஐம்பது பேரைப் பார்த்துக்கொண்டேதான் பாடகர் நாற்பது நிமிடம் பாட வேண்டும். பின்னால் இரண்டாயிரம் பேர் தலையாட்டிக்கொண்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது.

தொடக்கக் குழுவே வைக்காத குழுக்கள் எவை? அதுதானே நல்லது?

ரஷ் குழு 1996 முதல் தனியாகவே மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மூன்று மணி நேரம் வாசிப்பவர், அவருக்கு முன்னால் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. அத்தனை நேரம் தாங்கும் சரக்கு உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அந்த ரஷ்ஷே 1970களில் கிஸ் குழுவுக்கு முன் வாசித்து வளர்ந்ததுதான். அயர்ன் மெய்டனும் 1980இல் ஜூடாஸ் பிரீஸ்டுக்கும் கிஸ்ஸுக்கும் முன் வாசித்தது. ஏறியவர்கள் ஏணியை மடக்கி வைத்துக்கொள்வதை நான் ரசிக்கவில்லை.

மெட்டாலிக்கா 2023இல் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் ஒரே நகரில் இரண்டு இரவு வாசித்தது. இரண்டு இரவுக்கும் வெவ்வேறு பாட்டுகள், வெவ்வேறு தொடக்கக் குழுக்கள். ஓர் இரவு பான்டேரா, மறு இரவு ஃபைவ் ஃபிங்கர் டெத் பஞ்ச் என்று. டிக்கெட் விலை வயிற்றைக் கலக்கும். ஆனால் ஏற்பாடு என்று பார்த்தால் எனக்கு இதுதான் சரி.

தொடக்கக் குழு அருமையாக வாசித்தது. "இன்னொரு பாட்டு" என்று கத்தலாமா?

கத்தலாம், வாசிக்க மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுத்த நேரம் நிமிடக் கணக்கில் எழுதப்பட்டது. மேடை ஓரத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நிற்பார். மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், அடுத்த ஊரில் இடம் இல்லாமலும் போகலாம். இரவு நேர வரம்பு யாருக்கும் வளையாது. 2012 ஜூலை 14 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நேரம் தாண்டியதற்காக ஸ்பிரிங்ஸ்டீன், பால் மெக்கார்ட்னி இருவரும் மேடையில் நிற்கும்போதே மைக்கை அணைத்தவர்கள் உண்டு. அப்படியிருக்கத் தொடக்கக் குழுவுக்கா இரக்கம் காட்டுவார்கள்? உங்கள் கைதட்டல் போதும். பிடித்திருந்தால் இடைவேளையில் டி-ஷர்ட் விற்கும் மேசைப் பக்கம் போங்கள். அங்கே பெட்டியைப் பிரித்துக்கொண்டு நிற்பவர் பல நேரம் அந்தக் குழுவின் டிரம்மராகவே இருப்பார்.